வெளுத்துக் கொண்டுபோன நகங்கள்

என் அக்காள் மகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பு என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அவன் இஸ்திரி போட்ட சட்டையைப் பெட்டியில் திணித்துக்கொண்டு எத்தனை தூரம் போய்த் திறந்தாலும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அப்படி வந்த பெயர் அது.

அக்காளுக்குத் தங்கியது இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், கடைசி இவன். நடுவில் ஒன்று பிறந்து பால்குடியிலேயே போய்விட்டது. மூத்தவளைச் சலவைக்கடைக்காரருக்குக் கொடுத்தோம். அவர் எங்கள் அப்பாவின் சின்னத் தாத்தா வழி. என் சித்தப்பா மகளுக்கு நாத்தனார் வீட்டு வகையிலும் சொந்தம். எந்தப் பக்கம் சுற்றினாலும் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அக்காள் கண்ணை மூடியதும் பெரியவள் தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பிறகு என் வீட்டுக்காரியும் போய்ச் சேர, என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். அதை மறக்கமாட்டேன். இனி அவளைப் பற்றிச் சொல்லப்போவதை எல்லாம் அதைச் சொன்ன பிறகுதான் சொல்ல வேண்டும்.

கடைக்கு மேலே வீடு. கீழே முன்பக்கம் துணி வாங்குகிற மேசை, அதன் பின்னால் நீளக் கூடம். கூடத்தில் ஒரு பக்கம் சலவை இயந்திரங்கள் உறுமும். இன்னொரு பக்கம் பெரிய இஸ்திரி மேசை. தரை எந்த நேரமும் ஈரம். பிளீச் நெடி மூக்கில் ஏறி, சாப்பிடும்போதுகூடத் தொண்டையில் நிற்கும். துணியெல்லாம் பெரும்பாலும் ஓட்டல்களில் இருந்து வரும். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கைத்துண்டு. அழுக்கை வகை பிரித்துப் போடுவது என் வேலை. அடுத்தவர் படுக்கை விரிப்பில் என்னென்ன இருக்கும் என்று என்னைக் கேட்க வேண்டும். எதற்கும் முகம் சுளிக்காமல் பிரித்துப் போட்டவன் நான். அப்படிப்பட்ட என்னாலேயே மடிப்பின் நகங்களைப் பார்க்க முடியவில்லை.

பெரியவளுக்கும் ஒரு பெயர் உண்டு. சோப்பு. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டோம். கை கழுவி முடித்ததும் சோப்பையும் ஒருமுறை கழுவி வைக்கிறவளை வேறு எப்படிச் சொல்வது? விருந்தாளி எழுந்தால் நாற்காலியைத் துடைப்பாள். அதற்குக்கூட அவர் வாசல் தாண்டும்வரை பொறுக்கமாட்டாள்.

மடிப்புக்கு முதலில் வந்தது இடுப்பில் ஒரு சிவப்புத் திட்டு. நமைச்சல். சலவைத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். தூளை மாற்றினோம். திட்டு முதுகுக்குப் போனது, தொடைக்குப் போனது. வருஷங்கள் ஓடின. பிறகு பார்த்தால் உடம்பு முழுக்கச் சிவந்து, வெந்நீரில் முக்கி எடுத்தவன் மாதிரி நிற்கிறான். உள்ளங்கை தடித்து வெடித்தது. சொரிந்தால் தவிடு மாதிரி உதிர்ந்தது. அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். சோப்பு துணியோடு ஓடி வருவாள்.

அதற்குப் பிறகுதான் நகம் கெட ஆரம்பித்தது. கால் கட்டைவிரலில் தொடங்கிக் கைக்கு ஏறியது. வெற்றுக் கண்ணால் பார்க்கக் கூசும். புகைத்துப் புகைத்துக் கறையேறிய பல் மாதிரி மஞ்சள். பலகைபோலத் தடித்து, விரலை விட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் ஊறிய ரொட்டித் தூள் மாதிரி ஏதோ அடைந்திருக்கும். அதற்கு ஒரு வாடை வேறு. மேசை விரிப்பை இழுத்து மடிக்கும்போது நூலில் நகம் மாட்டும். அவன் 'ஸ்' என்று கையை உதறுவான். ஒரு சில்லு தெறித்துக் கஞ்சி போட்ட வெள்ளைத் துணிமேல் விழும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. காட்டினோம். ஆனால் எப்படிக் காட்டினோம் என்பதில்தான் எங்கள் வீட்டு லட்சணம் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் சோப்பு தம்பியை முற்றத்தில் உட்கார வைப்பாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொள்வாள். வெந்நீரில் கையையும் காலையும் ஊறவைத்து, கொண்டை ஊசியால் நகக்கண்ணைச் சுரண்டுவாள். ஒட்ட வெட்டுவாள். அரத்தை வைத்து மேலே ராவித் தேய்ப்பாள். கடைசியில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். இந்த அசிங்கத்தோட படிச்சவங்க முன்னாடி போய் நிப்பியா? நம்ம தொழில் என்ன, நாம போற கோலம் என்ன?"

"நோயைக் காட்டத்தானே போறேன்?"

"நோயைக் காட்டு. அழுக்கை எதுக்குக் காட்டுற?"

டாக்டர் சிவந்த தோலைப் பார்த்துக் களிம்பு எழுதுவார். "நகம் எப்படி?" என்று கேட்டால் சோப்பு முந்திக்கொள்வாள். "அது ஒண்ணுமில்லைங்க, வேலை செய்யிற கை." கையும் பளபளவென்று இருக்கும். அதோடு சரி.

களிம்பு போட்டால் கொஞ்சம் அடங்கும், விட்டால் கிளம்பும். கடைசியில் அவன் பெண்டாட்டி பிடிவாதம் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அவள் கடையிலேயே பொத்தான் தைக்கிறவள். பேச்சு குறைவு. அங்கே தோல் டாக்டரம்மா ஒருவர். நகத்தை ஒட்ட வெட்டிய விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நகம் தடிச்சிருக்கே. பூஞ்சையான்னு பார்க்கணும். இதுல எடுக்க ஒண்ணும் இல்ல. அடுத்த வாட்டி வெட்டும்போது அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் கொண்டு வாங்க."

கொண்டுபோனோம். எப்படிக் கொண்டுபோனோம் தெரியுமா? சோப்பு அந்தத் துண்டுகளை இடுக்கியால் பொறுக்கி, ஒரு கிண்ணத்தில் போட்டு, ஓட்டல் விரிப்புக்குப் போடுகிற பிளீச்சை ஊற்றி ஊறவைத்தாள். பிறகு வெந்நீரில் அலசினாள். வெயிலில் காயவைத்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த ஒரு வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து நாலாக மடித்தாள். மஞ்சளெல்லாம் போய் மல்லிகை மொட்டு மாதிரி இருந்தன. அருவருப்பை வெளுத்து எடுத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

சோதனையில் ஒன்றும் முளைக்கவில்லை என்று வந்தது. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"பூஞ்சையும் இல்ல, வேற கிருமியும் இல்ல. சுத்தமா இருக்கே?"

"கிருமி எப்படிம்மா இருக்கும்?" என்றாள் சோப்பு, முகமெல்லாம் பெருமை. "பிளீச்சுல ஊறப்போட்டு, வெந்நீர்ல அலசி, காயவச்சுல்ல கொண்டுவந்தேன்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கப்போகிறாரா, கத்தப்போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் செய்யவில்லை.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி நகம் கெட்டிருக்கா?"

இது என் இலாகா. "எங்கப்பாவோட அத்தை ஒருத்தி இருந்தாங்க. அவங்க கால் சுண்டுவிரல் நகம் கறுப்பு. அது கல் விழுந்ததுன்னு சொல்லுவாங்க. அவங்க மகன் வயித்துப் பேரனுக்கு நகம் கடிக்கிற பழக்கம். அவன் கட்டிக்கிட்டது எங்க பெரியப்பா மச்சினன் மக..."

"மாமா, போதும்," என்றான் மடிப்பு.

டாக்டரம்மா அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அக்குளில் விரலை அழுத்தினார். அங்கே கழலை மாதிரி ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். மறுபடி ஒருமுறை தடவினார். பிறகு நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரே போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. பார்க்காம சொல்லமாட்டேன். இன்னையில இருந்து களிம்பு வேணாம், நகப்பூச்சு வேணாம். வெட்டாதீங்க, சுரண்டாதீங்க. நான் சொல்ற தேதிக்கு எப்படி இருக்கோ அப்படியே வாங்க. தோலு, நகம், ரத்தம் எல்லாத்தையும் நானே எடுத்துப் பார்க்கிறேன். மறுபடி தேய்ச்சுக் கழுவி வந்தீங்கன்னா நோய் என்கிட்ட இருந்து ஒளிஞ்சுக்கும். உங்களை விட்டுப் போகாது."

வெளியே வந்ததும் சோப்பு கேட்டாள்: "அப்படியேன்னா... கையைக்கூடக் கழுவக்கூடாதாமா?"

"கழுவலாம் அண்ணி," என்றாள் பொத்தான் தைக்கிறவள். "வெளுக்கத்தான் கூடாது."

அந்தச் சில வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு கசக்கிறது. களிம்பு நின்றதும் தோல் செதில் செதிலாகக் கழன்றது. காலையில் அவன் போர்வையை உதறினால் ஒரு கைப்பிடி செதில் உதிரும். நகங்கள் நீண்டு, வளைந்து, கோணிக்கொண்டு, ஒன்று கிளி மூக்கு மாதிரி, ஒன்று உடைந்த ஓடு மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நான் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனுக்கும் அது தெரியும்.

சோப்பு அவனுக்கென்று தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்தாள். அந்த டம்ளரை இடுக்கியால்தான் தூக்குவாள். இஸ்திரி மேசையில் இருந்து அவனை விலக்கி, பின்கட்டில் சாக்குப் பைகளை அடுக்கச் சொன்னாள். அவன் இருந்த இடத்தில் வேறொருவன் நின்று தேய்த்தான். மடிப்பெல்லாம் கோணல். மடிப்பு எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் ஓட்டல் மேற்பார்வையாளர் வந்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு நகத் துண்டு. மஞ்சளாக, அடியில் அந்தத் தூளோடு.

"ஒரு வாடிக்கையாளர் வாய் துடைக்கக் கைத்துண்டை எடுத்திருக்காரு. இது உதட்டுல ஒட்டிக்கிச்சு. மனுஷன் எந்திரிச்சு ஓடிட்டாரு. என்னம்மா இது?"

சோப்பு முகம் சுண்டிப்போயிற்று. "எங்க கடையில இருந்து வந்திருக்காதுங்க."

"பின்னே, நான் வெட்டிப் போட்டேனா? இனிமே துணி அனுப்பமாட்டோம்."

அவர் போனதும் அவள் மாடிக்கு ஏறவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனாள். நகவெட்டி, அரம், கொண்டை ஊசி எல்லாம் கொண்டுவந்து மடிப்பின் மடியில் போட்டாள்.

"வெட்டுடா. நீயா வெட்டுறியா, நான் வெட்டட்டுமா?"

"தேதி வரட்டும்க்கா. அந்தம்மா பார்த்துடட்டும்."

"அவ பார்க்கிறதுக்குள்ள கடையை மூடணும் போல இருக்கு. ஊரே காறித் துப்புது. என் புருஷன் எப்படி வெளியில தலை காட்டுவாரு?"

பொத்தான் தைக்கிறவள் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணி, அவர் விரல்ல கை வச்சீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்."

"ஆஹா! ஏண்டி, நீ அந்தக் கையைப் பிடிச்சு எத்தனை நாளாச்சு? ராத்திரி கட்டிலை ரெண்டாப் பிரிச்சுப் போட்டது எனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் நகரவில்லை. "ஆமா, பிரிச்சுத்தான் போட்டேன். எனக்குக் குமட்டுது, தள்ளிப் படுக்கிறேன். அதுக்காக அவர் சாகட்டும்னு வெட்டிவிடச் சொல்லலையே."

மடிப்பு இரண்டு பேரையும் பார்த்தான். மடியில் கிடந்ததை எல்லாம் எடுத்துப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். அவள் கடையில் இருந்த கத்தரிக்கோல், பிளேடு, பொத்தான் வெட்டுகிற கத்தி உட்பட எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூட்டியது சோப்புக்குப் பயந்து. ஆனால் பயப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை என்பது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் தெரிந்தது. எல்லாரும் சாப்பிட மேலே போயிருந்தார்கள். நான் சாக்கை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். சிமெண்ட் தொட்டிக்கு முன்னால் மடிப்பு குந்தி உட்கார்ந்து, அதன் சொரசொரப்பான விளிம்பில் வலது கட்டைவிரலை வைத்துப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் வந்திருந்தது. தொட்டி ஓரமெல்லாம் மஞ்சள் துகள்.

"டேய்! என்னடா பண்ற?"

"விடுங்க மாமா. சாப்பாட்டுல இந்தக் கையை வச்சேன். எனக்கே வாந்தி வந்துடுச்சு. என் கையைப் பார்த்து எனக்கே வாந்தி. மத்தவங்களை என்ன சொல்றது?"

"இன்னும் ஒருநாள்தானே?"

"ஒருநாள்கூட முடியாது. இதை வச்சுக்கிட்டு என்னால ஒரு நிமிஷம் இருக்க முடியல."

மறுபடி தேய்க்கப் போனான். வேறு வழி இல்லை. போய் அவன் கையைப் பிடித்தேன். நோய் வந்த நாளில் இருந்து அந்தக் கையை நான் தொட்டதே இல்லை. சூடாக, பிசுபிசுவென்று, மரப்பட்டை மாதிரி இருந்தது. அவன் இழுத்தான், நான் இழுத்தேன். இழுத்த இழுப்பில் நடுவிரல் நகத்தில் பாதி பெயர்ந்து என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அடியில் இருந்த ஈரத் தூளும் சேர்ந்து. அதன் வாடை மூக்கில் அடித்ததும் காலையில் சாப்பிட்டது, அதற்கு முன்தினம் சாப்பிட்டது எல்லாம் சாக்கடையில் போயிற்று. குனிந்து வாந்தி எடுத்தேனே தவிர, அவன் மணிக்கட்டை விடவில்லை. விட்டால் தேய்த்துவிடுவான்.

சத்தம் கேட்டுப் பொத்தான் தைக்கிறவள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவன் கையை மெல்லிய துணியில் சுற்றிக் கட்டினோம். அன்றைய பொழுது முழுக்க ஆள் மாற்றி ஆள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். சோப்பு மாடிப்படியில் நின்று பார்த்தாள். கீழே இறங்கவில்லை.

டாக்டரம்மா துணியைப் பிரித்தார். அந்தம்மா முகம் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கணம் மூக்கு சுருங்கியது, நான் பார்த்தேன். உடனே விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு விரலையும் படம் எடுத்தார். தோலில் இரண்டு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்தார். நகத்துக்கு அடியில் இருந்தும் எடுத்தார். ரத்தமும் எடுத்தார்கள். "நல்லாக் கொண்டு வந்தீங்க," என்றார். மடிப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நகத்துக்கு யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

முடிவு வந்த அன்றைக்கு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இது பூஞ்சை இல்ல, தூள் அலர்ஜியும் இல்ல. தோல்ல வர்ற லிம்ஃபோமா. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவுல ஒரு வகை கெட்டுப்போய், தோல்ல வந்து குடியேறிப் பெருகுது. புற்றுநோய்ல ஒரு வகைதான். நகத்துக்கு அடியிலயும் புகுந்திருக்கு, அதான் நகம் இப்படி. கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் கைமீறலை. அடியோட போக்கறது கஷ்டம். ஆனா அடக்கி வைக்கலாம்."

மடிப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு வாயைத் திறந்தாள்.

"அப்போ... அழுக்கால வந்தது இல்லையே? ஒட்டாதே?"

"அழுக்கால வர்றதில்ல. தொட்டா ஒட்டாது."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்த நகத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை. தம்பிக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள், இவளுக்குக் கடை தப்பித்தது என்று நிம்மதி. அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த அழுகை நிஜந்தான், அதையும் மறுக்கமாட்டேன்.

வைத்தியம் தொடங்கியது. மாத்திரை, ஊசி, அப்புறம் ஒரு பெட்டிக்குள் நிறுத்தி உடம்பில் ஒளி பாய்ச்சுவார்கள். சிவப்பு மெதுவாகத்தான் இறங்கியது. நகம் அதைவிட மெதுவு. அடியில் ஒரு கோடு மாதிரி புது நகம் தலைகாட்டியது. மேலே பழசு அப்படியே.

செய்தி பரவியதும் சொந்தமெல்லாம் மாடிக்கு வந்தது. பூஞ்சை என்று நினைத்தபோது தெருவில் பார்த்து எதிர்ப்பக்கம் நடந்த என் சித்தப்பா மகள், அவள் மருமகள், சலவைக்கடைக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன், எல்லாரும் கையில் பழக்கூடையோடு. ஆளுக்கு ஆள் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தார்கள். பிடித்துக்கொண்டு பார்வையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்கள். "தங்கமான பிள்ளை." "யாருக்கு என்ன கெடுதல் செஞ்சான்?" சோப்பு தன் தட்டிலேயே சாப்பாட்டைப் பிசைந்து கொண்டுவந்து அவனுக்கு ஊட்டப் போனாள்.

"எனக்கு வேணாம்க்கா."

"ஒரு வாய் வாங்கிக்கடா. என் கண்ணுல்ல."

"அப்போ என் டம்ளரை இடுக்கியால தூக்கின. இப்போ உன் தட்டுலயே ஊட்டுறியா? நகம் அதே நகந்தானேக்கா?"

அவன் கூடையில் இருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தான். அந்த மஞ்சள் கட்டைவிரல் நகத்தைத் தோலுக்குள் குத்தி உரித்தான். நிதானமாக, விரிப்பை மடிக்கிற மாதிரி. நகத்தின் இடுக்கில் நார் சிக்கியது. சாறு நகத்தடியில் புகுந்து கீழே சொட்டியது. சுளை சுளையாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் நீட்டினான்.

"சாப்பிடுங்க. நீங்க கொண்டுவந்ததுதான்."

என் சித்தப்பா மகளுக்குத் திடீரென்று சர்க்கரை வியாதி ஞாபகம் வந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் வண்டியைத் தெருவில் மறித்து நிறுத்தியதாகச் சொல்லி எழுந்தார். மருமகள் சுளையை வாங்கிக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு மாமியார் பின்னால் இறங்கினாள். அறை காலியாகிவிட்டது. பொத்தான் தைக்கிறவள் தன் சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் மெல்லவில்லை. மாத்திரை மாதிரி அப்படியே விழுங்கினேன்.

சோப்பு மட்டும் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாறு மணிக்கட்டில் வழிந்தது. அவள் கண் குழாய்ப் பக்கம் போனது, தம்பி பக்கம் வந்தது, மறுபடி குழாய்ப் பக்கம் போனது.

"கழுவிக்கோக்கா," என்றான் மடிப்பு. "கோபம் இல்ல. கழுவிட்டுத் தின்னு."

அவள் குழாயைத் திறந்து சுளையைக் கழுவினாள். திருப்பி வைத்துக் கழுவினாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு எப்படியோ விழுங்கினாள்.

"புளிக்குது," என்றாள்.

அவன் இன்னொன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினான். எனக்கு அன்று முழுக்க வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை.